சாட்சிக்கு ஒரு போத்தல் பால்

போன் அலறியது.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடம். வெள்ளைக் கோட்டோடு நின்ற றஞ்சிதம் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.

நாளைக்கு அவளுக்குக் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். மறுமுனையில் மாப்பிள்ளை மிதுஷன்.

"றஞ்சி... என்னைப் பொலிஸ் பிடிச்சிட்டுது!"

"ஐயோ! என்ன செய்தனீங்கள்?"

"கழுதையைக் கடத்தினனாம்!"

றஞ்சிதம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மிதுஷனுக்குக் கொட்டாஞ்சேனையில் தயிர்க்கடை. எருமைப்பால், எருமைத்தயிர். வேறு எதுவும் அந்தக் கடைக்குள் நுழையாது. பக்கத்துக் கட்டடம் ஜீவராணியின் அழகு நிலையம். அங்கே கழுதைப்பால் ஃபேஷியல் செய்துகொள்ள பம்பலப்பிட்டிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

பால் தரும் மகாராணி பின் கொட்டிலில் நின்றது. முழங்கால்வரை தொங்கும் ஜரிகைப் போர்வை. கழுத்தில் மணி. அதோடு செல்ஃபி எடுக்காதவர் ஊரிலேயே இல்லை.

நாளைக் காலை எல்லாருக்கும் முன்னால் மகாராணியிடம் பால் கறந்து காட்டுவதாக ஜீவராணி அறிவித்திருந்தாள்.

இன்று காலை கொட்டில் காலி!

ஜீவராணியின் போனுக்கு ஒரு முரட்டுக் குரல் வந்தது. 'நாளைய விழாவை நிப்பாட்டு! கழுதை உயிரோடதான் இருக்கு. சாட்சி உன்ர வாசல்ல!'

வாசலில் ஒரு போத்தல் பால். மிதுஷனின் கடைப் போத்தல்!

போதாக்குறைக்கு, போன கிழமை அந்தக் கழுதை அவனுடைய தயிர்ச்சட்டிகளை இடறி உடைத்திருந்தது. 'ஒரு நாளைக்கு இதை இல்லாமப் பண்ணுறன் பார்!' என்று அவன் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. வாய் சும்மா இருந்தால்தானே!

அடுத்த அழைப்பு அப்பா.

"பிள்ளை, நாளைக்கு அவன் எழுத்துக்கு வராட்டி கதை முடிஞ்சுது. கழுதைக் கள்ளனுக்கு நான் பொம்பிளை குடுக்கேலாது!"

தயிர்க்காரன் என்றபோதே முகத்தைச் சுளித்த மனிதர். றஞ்சிதத்துக்குக் கண் கலங்கியது. மூன்று வருடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்த கலியாணம்... ஒரு கழுதையாலா போக வேண்டும்?

ஆட்டோ பிடித்தாள்.

கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தில் எஸ்.ஐ. தயாபரன் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஜீவராணி, கைலேஞ்சியால் மூக்கை ஒற்றியபடி.

"சேர், அது என்ர மகாராணியின்ர பாலேதான்! ஒரு சொட்டு நாக்கில வச்சுப் பாத்தனான். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவன்!"

மேசைமேல் அந்தப் போத்தல்.

"சேர், எனக்கு இதில கொஞ்சம் தாங்கோ. கொழுப்பு எவ்வளவு எண்டு பாக்கோணும்" என்றாள் றஞ்சிதம்.

"என்னத்துக்குத் தங்கச்சி? பால் எண்டா பால்தானே?"

"இல்லை சேர்! ஒவ்வொரு மிருகத்தின்ர பாலும் ஒவ்வொரு மாதிரி. மாட்டுப்பால்ல நூற்றுக்கு நாலு பங்கு கொழுப்பு. தாய்ப்பாலும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். எருமைக்கு ஏழெட்டு. கழுதைக்கு ஒண்டு வந்தாலே பெரிய விஷயம், தண்ணி மாதிரி!"

"ஆடு?"

"அளவு மாட்டுப்பாலைப் போலதான். ஆனா கொழுப்பின்ர வகை வேற. ஆட்டுப்பால் மொச்சை அடிக்கிறதே அந்தக் கொழுப்பாலதான். கடல்நாய்ப் பால்ல பாதி கொழுப்பு!"

எஸ்.ஐ. தன் கோப்பையைப் பார்த்தார்.

"அதில தேத்தண்ணி போட்டா?"

"கரண்டி நட்டபடி நிக்கும் சேர்."

அரைக் கிளாஸ் கிடைத்தது. வெள்ளவத்தைக்குப் பறந்தாள். பாலை அமிலத்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மெஷினில் சுற்றவிட்டாள். கொழுப்பு மேலே பிரிந்து நின்றது.

ஏழரை!

போனில் கத்தினாள். "சேர்! இது கழுதைப்பால் இல்லை! எருமைப்பால்!"

"சபாஷ் தங்கச்சி!" எஸ்.ஐ.யின் குரலில் தேன் வடிந்தது. "கொட்டாஞ்சேனையில எருமைப்பால் விக்கிறது ஆர்? உம்மட மாப்பிள்ளை மட்டும்தான்! கழுதையைக் கறக்கப் பஞ்சிப்பட்டுக் கடைப்பாலை ஊத்தி வச்சிட்டார். கேஸ் இறுகிட்டுது!"

தன் கையாலேயே அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டாளே!

மறுபடி ஆட்டோ. மறுபடி கொட்டாஞ்சேனை. கம்பிக்குப் பின்னால் மிதுஷன் பரிதாபமாக நின்றான்.

"கடவுளே எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட போத்தல் ஆரிட்டையெல்லாம் போகுது?"

"எல்லாரும் வெறும் போத்தலைத் திருப்பித் தந்திடுவினம். ஜீவராணியக்கா மட்டும்தான் வச்சிருப்பா. ஒவ்வொரு நாளும் காலமை ரெண்டு போத்தல் வாங்குவா."

"அவவுக்கு என்னத்துக்கு எருமைப்பால்?"

"கோயில்ல அபிஷேகத்துக்காம். நல்ல பக்தி!"

றஞ்சிதம் அவனை முறைத்தாள்.

"அபிஷேகத்துக்கு எருமைப்பாலா? எந்தக் கோயில்ல?"

மிதுஷன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட... பசுப்பால்தானே ஊத்துறது! வியாபாரத்தில அது எனக்கு ஓடேல்லை, றஞ்சி!"

உள்ளே பாய்ந்தாள்.

"சேர்! எருமைப்பாலை நக்கிப் பாத்திட்டு 'என்ர கழுதையின்ர பால்' எண்டு சத்தியம் பண்ணினவ ஜீவராணியக்கா! அப்ப அவ இவ்வளவு காலமும் கழுதைப்பால் எண்டு வித்தது எதை?"

எஸ்.ஐ.யின் மீசை துடித்தது.

"ஜீப்பை எடு! அந்தத் தயிர்க்காரனையும் ஏத்து!"

அழகு நிலையத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நேற்றைய 'கழுதைப்பால்'. மேலே விரல் தடிப்பில் வெள்ளை வெளேரென்று ஆடை!

"கழுதைப்பால்ல இவ்வளவு ஆடை வரவே வராது சேர்" என்றாள் றஞ்சிதம்.

"என்ர மகாராணிக்கு நல்ல சாப்பாடு குடுக்கிறனான்!" ஜீவராணி சீறினாள். "அவளின்ர பால் அப்பிடித்தான்!"

"சரி அக்கா. உங்கட போனைத் தாங்கோ" என்றார் எஸ்.ஐ.

"எ... ஏன் சேர்?"

கடத்தல்காரனின் நம்பருக்குப் பொலிஸ் காலையிலிருந்து அடித்தும் பதில் இல்லை. எஸ்.ஐ. இப்போது ஜீவராணியின் போனில் அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தது அந்த முரட்டுக் குரல்!

"அக்கா! உன்ர கழுதை மட்டக்குளியில என்ர வாழையெல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுது! எப்ப கொண்டு போறாய்?"

கைலேஞ்சி ஜீவராணியின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"விளம்பரத்துக்குத்தான் சேர்..." கைலேஞ்சியை எடுக்கக் குனிந்தாள். "தம்பியைக் கொண்டு செய்வித்தனான். ஆனா பால்ல களவு இல்லை! அம்மாளாச்சி சத்தியமா கழுதைப்பால்!"

"அப்ப கறந்து பாத்திடுவம். பாயிஸ் தம்பி, வாளியை எடு!" என்று கான்ஸ்டபிளுக்குக் கட்டளையிட்டார் எஸ்.ஐ.

"வேண்டாம் சேர்!" ஜீவராணியின் அலறலில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

மட்டக்குளி. மொட்டையாக நின்ற வாழைகளுக்கு நடுவே, ஜரிகைப் போர்வையோடு மகாராணி சாவகாசமாக மென்றுகொண்டு நின்றது.

கான்ஸ்டபிள் பாயிஸ் வாளியோடு குந்தினார். போர்வையைத் தூக்கினார்.

குனிந்து பார்த்தார்.

இன்னும் குனிந்து பார்த்தார்.

மெல்ல எழும்பி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சேர்... இதுல பால் வராது."

"ஏன்? வத்திப் போச்சோ?"

"இல்ல சேர்... இது ஆம்பிளை!"

ஜீப்புக்குள் ஜீவராணி முகத்தை மூடிக்கொண்டாள். விழா நடந்திருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கிடைத்திராது; அதை மறைக்கத்தான் இந்தக் கடத்தல் நாடகம்!

எஸ்.ஐ. சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு மிதுஷனின் தோளில் தட்டினார். "போம் தம்பி. நாளைக்கு எழுத்து எல்லே?"

றஞ்சிதத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூடிநின்ற சனங்களுக்கு முன்னாலேயே அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் போட்டு, எழுத்துக்கு நல்ல வேட்டியாக எடுத்து வைக்கச் சொன்னாள்.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"நில்லுங்கோ... பக்கத்துக் கடையில இருந்துகொண்டு இவ்வளவு காலமும் தினம் பாத்தனீங்கள். ஆணோ பெண்ணோ எண்டு தெரியேல்லையா?"

மிதுஷன் நெஞ்சில் கை வைத்தான்.

"உம்மைத் தவிர வேற ஒருத்தரையும் நான் நிமிர்ந்துகூடப் பாக்கிறேல்லை, றஞ்சி... அதைப் போய்க் குனிஞ்சு பாப்பனோ?"