திரையில் உடைந்த வட்டங்கள்

“தப்பு கம்ப்யூட்டர்ல இல்ல மேடம்... நீங்க போட்ட வரைபடத்துல.”

மழையில் நனைந்த தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னான் இக்னேஷியஸ். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு அழகான கண்களுக்கு இவ்வளவு திமிரா... என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டுத்தரும் சின்னக் கம்பெனி அது. முதலாளி பக்தவத்சலம் ஆசையாக வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். அதில் வரையத் தெரிந்தவள் மேரி மட்டும்தான். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருபவள். ஒரு வாரமாக, வரைபடத்தைப் பெரிதாக்கினால் வட்டங்கள் பாதியில் அறுந்தன. நகர்த்திய கோடு பழைய இடத்திலும் நின்றது.

“சனிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா இந்தப் பொட்டிய வித்துட்டு, உன்ன மறுபடியும் டிராயிங் போர்டுக்கு அனுப்பிடுவேம்மா” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மேரி இக்னேஷியஸிடம் வாதாடவில்லை. வரைபடத்தைப் பேனாவால் தாளில் போட்டுத்தரும் பிளாட்டரில் தாளைப் பொருத்தி ஓடவிட்டாள். பேனா சரசரவென்று ஓடியது... வரைபடத்திலிருந்த பத்துத் துளைகளும் முழு வட்டங்களாக வந்தன.

“வரைபடம் தப்புன்னா பேப்பர்லயும் தப்பாத்தானே வரணும் சார்?”

அவன் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இன்னொண்ணு. திரையோட ரெசல்யூஷனைக் குறைச்சா வட்டம் முழுசா தெரியுது. கூட்டினாத்தான் உடையுது. போன வாரம் நான் லீவுல இருந்தப்ப உங்க ஆபீஸ்லேருந்து யாரோ வந்து புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டாங்க. அன்னிலேருந்துதான் இப்படி.”

இக்னேஷியஸின் முகம் மாறியது. அந்த ‘யாரோ’ அவன்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினான். கார்டை இயக்க அவன் போட்டிருந்த டிரைவர் புரோகிராம் வேறொரு கார்டுக்கானது. பையிலிருந்து வேறு ஃப்ளாப்பியை எடுத்துச் சரியானதைப் போட்டான். திரையில் வட்டம் முழுசாக வந்து நின்றது.

“இன்னாபா, சரியாப்போச்சா? யாரு தப்பு?” உள்ளே வந்தார் பக்தவத்சலம்.

இக்னேஷியஸ் தயங்கினான்... “ஆப்பரேட்டர் ஏதோ மாத்தியிருக்காங்க சார்.”

சர்வீஸ் ரிப்போர்ட்டையும் அப்படியே எழுதி, மேரியின் கையெழுத்துக்கு நீட்டினான். மேரி பேனாவைத் தொடவில்லை.

“பொய்க்கு நான் கையெழுத்து போட மாட்டேன் சார்.”

குரல் உயரவில்லை. கண்கள் மட்டும் நேராக அவனைப் பார்த்தன. அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மழை விடும்வரைகூட நிற்காமல் இறங்கிப் போனான். “பொட்டியக் கெடுத்தது நீன்னா, திங்கக்கிழமைலேருந்து நீ போர்டுலயே வரை” என்றார் முதலாளி.

மறுநாள் காலை மேரி வந்தபோது, முதலாளி மேஜைக்கு முன்னால் இக்னேஷியஸ் நின்றிருந்தான்.

“தப்பான டிரைவரைப் போட்டது நான் சார். கண்டுபிடிச்சது அவங்க. வேலை போயிடுமோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்... எங்க மேனேஜர்கிட்டயும் எழுதிக் குடுத்துட்டேன்.”

பக்தவத்சலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மேரியை. “நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். போய் உன் பொட்டில உக்காரு.”

சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் தூறல். பிளாட்ஃபாரத்தில் அவன் காத்திருந்தான்.

“தப்பைத்தான் காலையிலயே ஒத்துக்கிட்டீங்களே?” என்றாள் மேரி.

“அது ஆபீஸ் விஷயம். இது வேற... நேத்து நீங்க பார்த்தீங்களே, அந்தப் பார்வை... அந்தக் கண்ணு முன்னால இனிமே பொய் சொல்லாம வாழணும்னு தோணுது. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு மேரி.”

ஆவடி ரயில் தூரத்தில் ஊதியது. மேரியின் கன்னத்தில் ஒரு மழைத்துளி இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

“வேலைக்கு ஆபத்து வருமா?”

“திட்டு நிறைய விழுந்துச்சு. வேலை இருக்கு.”

“திமிர்?”

“அது போயிடுச்சு...”

அவள் சிரித்தாள். ரயில் வந்து நின்றது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் திரும்பினாள்.

“இன்னிக்குக் காலையில நீங்க அங்க நின்னீங்க பாருங்க... அப்பவே எனக்கும் உங்களைப் பிடிச்சுப்போச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்ல பூசை முடிஞ்சு அப்பா வீட்லதான் இருப்பார். வந்து பேசுங்க.”