அவர் ஆடாத முப்பத்தோராவது நகர்த்தல்

“எவன் அந்த முட்டாள்?”

அச்சுக்கூடத்தின் கதவு படாரென்று திறந்தது. மழையும் அந்த மனிதரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட, நனைந்த பத்திரிகையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி ருமெல் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

எழுத்துப்பெட்டி முன்னால் நின்றிருந்த அபொலேனா நிமிர்ந்து பார்த்தாள்.

சாம்பல் நிறக் கண்கள்… லாபே ஆற்றின் மேல் மழை இறங்கும்போது தெரியுமே, அந்த நிறம். ஐயோ, இவரா! நான்கு வருடமாக இவருடைய ஆட்டங்களை எழுத்து எழுத்தாகக் கோத்தவள் அவள். ஹினெக் ஷெபெஸ்தா. சர்க்கரை ஆலையில் இரசாயன வேலை, ஞாயிறுகளில் சதுரங்கம். வியன்னாவில் கேட்டால் பாதிப் பேருக்கு இவர் பெயர் தெரியாது. இந்தப் பர்துபிட்சே ஊரில் இவரைத் தெரியாத காபிக்கடையே கிடையாது.

“எவன் இல்லை, மாஸ்டர். எவள்,” என்றாள் அபொலேனா. “நான்தான் கோத்தேன்.”

அவர் ஒரு கணம் தடுமாறினார். பெண்ணை எதிர்பார்க்கவில்லை போலும்.

“நீங்களா? இதைப் படிங்க. முப்பதாவது நகர்த்தல் வரைக்கும் சரி. அதோட நான் தோல்வியை ஒப்புக்கிட்டேன். இங்க என்னடான்னா முப்பத்தோராவதா ஒரு யானை நகர்த்தல்! அதுக்குக் கீழேயே ‘வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது’ன்னு வேற. நான் ஆடவே இல்லையே அதை!”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கை தவறலை, மாஸ்டர். தெரிஞ்சேதான் சேர்த்தேன்.”

மூலையில் காகிதம் மடித்துக்கொண்டிருந்த ஹெர்மினா, வாயில் வைத்த இஞ்சி ரொட்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். ருமெல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் படியில் இல்லாத ஒன்றை எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் தன்னிஷ்டத்துக்குச் சேர்ப்பதா! அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

“ஏன்?” ஷெபெஸ்தாவின் குரல் சட்டென்று தாழ்ந்துவிட்டது.

ஏன்… எப்படிச் சொல்வது? அறுபத்தோரு ஆட்டம் கோத்திருக்கிறாள். ஈயத்தில் தலைகீழாகக் கோத்தே ஆட்டத்தைக் கற்றவள். இவர் எங்கே துணிவார், எங்கே தயங்குவார் என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். இந்த ஆட்டத்தில் வந்த வேகம் என்ன, அழகு என்ன! கடைசியில் எதிரே ஆடிய வியன்னாக்காரனிடம் இப்படித் தலை குனிந்துவிட்டாரே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

“ஏன்னா… ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டு எழுந்து வந்துட்டீங்க.”

“ஜெயிக்கிற ஆட்டமா!” அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“கண்ணை மூடிக்கோங்க. யானையைக் கொடுத்துச் சிப்பாயை வெட்டறேன். செக். ராஜா வெட்டித்தானே ஆகணும்?”

“…ஆமா.”

“ராணி பக்கத்துல வந்து செக். இப்ப ராஜா எங்க போவாரு?”

“பின்னால. ஒரே கட்டம்தான் இருக்கு…”

“மறுபடி ராணி, மூலையில. வெட்டலாம்னு பார்த்தா நம்ம குதிரை காவல் நிக்குது. செக்மேட்.”

மூடியிருந்த இமைகளுக்குள் அவர் கண்கள் அங்கும் இங்கும் அலைவதை அவள் பார்த்தாள். தப்பும் வழி தேடுகிறார்… இல்லை, கிடைக்கவில்லை. காதிலிருந்து கழுத்து வரை சிவந்தது. கண்ணைத் திறந்தவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று யோசிப்பதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

“வெள்ளிக்கிழமையோட நீ போகலாம்,” என்றார் ருமெல். “அவர் திருத்தம் எழுதித் தருவாரு. உன் பேரோட போடுவேன். ஊரே பார்க்கட்டும்.”

இந்த ஊரில் இருப்பது ஒரே அச்சுக்கூடம். அடுத்த ஊரில் பெண்களை எடுக்க மாட்டார்கள். இனி சித்தப்பாவின் பீட்ரூட் வயல்தான்.

“மன்னிப்புக் கேட்டுடேன்டி,” என்று மூன்று நாளும் ஹெர்மினா நச்சரித்தாள். “நேத்து காபிக்கடையில அந்த மனுஷனை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுறாங்களாம். ‘ஜெயிக்கிற காயை நகர்த்திட்டு எதிரிக்குக் கை கொடுத்த மகான்’னு. அச்சுப் பிழைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. வாயைத் திறக்கலையாம்!”

“திறக்கலையா?”

“ஏன் உன் முகம் இப்படி மாறுது?”

“மாறலையே!”

“கண்ணாடி கொண்டு வரட்டுமா?”

“மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், ஹெர்மினா. அந்த நகர்த்தல் சரி.”

சரிதான். ஆனால் அவர் அப்படிச் சிவந்து போனதை நினைக்கும்போதெல்லாம் ‘க’ எடுக்க வேண்டிய விரல் ‘ச’ எடுத்தது. தனியாகச் சொல்லியிருக்கலாமோ… ஒரு கடிதம் போட்டிருக்கலாமோ… யாரிடம் தோற்றாலும் பொறுப்பார், என்னிடம் தோற்றதைப் பொறுப்பாரா?

வெள்ளிக்கிழமை மதியம். மறுபடி மழை. கதவு இந்தத் தடவை மெதுவாகத் திறந்தது.

“திருத்தம் கொண்டு வந்திருக்கேன்,” என்றார் ஷெபெஸ்தா ருமெலிடம். “அவங்களே கோக்கட்டும். நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். எதையாவது சேர்த்துடப் போறாங்க.”

“அதுவும் சரிதான்,” என்றார் ருமெல். “அவளுக்குக் கடைசி வேலை அது.”

அபொலேனா தலை நிமிராமல் தாளை வாங்கிக்கொண்டாள். என் அவமானத்தை என் கையாலேயே கோக்க வைக்கிறாரா? கோக்கிறேன். ஒரு புள்ளி பிசகாமல் கோக்கிறேன்! முழுவதும் படிக்க மனம் வரவில்லை. வரி வரியாகப் பார்த்து விரல்கள் பறந்தன.

‘சென்ற இதழில் வெளியான முப்பத்தோராவது நகர்த்தலை நான் ஆடவில்லை. அதைக் காணாமல் தோல்வியை ஒப்புக்கொண்டேன்…’

விரல் கொஞ்சம் நின்றது.

‘கண்டவர் இப்பத்திரிகையின் கம்பாசிட்டர் செல்வி அபொலேனா குபாத்தோவா. தவறு அச்சுக்கூடத்துடையது அல்ல, என்னுடையது. இனி என் ஆட்டங்களை அவர் கோப்பதானால் மட்டுமே இங்கே தருவேன்…’

அவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“மிச்சத்தையும் கோத்துடுங்க,” என்றார் மெல்ல.

‘மூன்று நாளாகப் பலகை முன் உட்கார்கிறேன். காய்கள் தெரியவில்லை. மை படிந்த விரல்களும், என்னைவிட என் ஆட்டத்தை நம்பிய ஒரு முகமும்தான் தெரிகின்றன. நேரில் சொல்லத் துணிவில்லாத கோழை அச்சில் சொல்கிறேன்… நேசிக்கிறேன்.’

கடைசிச் சொல்லுக்கான எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்று தரையில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்… நெற்றி முட்டியது.

“அன்னைக்கு அப்படிப் போனது கோபத்துல இல்லை,” என்றார் அவர், குனிந்தபடியே. “வெட்கம். நான் என்னை நம்பாத இடத்துல, என்னோட பேசியே இராத ஒருத்தி நம்பியிருக்கா. அதைத் தாங்கிக்கத் தெரியலை.”

“மாஸ்டர்…”

“ஹினெக்.”

“இதுல ஒரு பிழை இருக்கு.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “மறுபடியுமா? எங்க?”

“கடைசிச் சொல்லுல.” அவள் கன்னம் சூடேறியது. சாம்பல் நிறக் கண்களை இப்போது நேராகப் பார்த்தாள். “ஒருமையில எழுதியிருக்கீங்க.”

அவருக்கு விளங்க ஒரு கணம் ஆனது. சதுரங்கத்தில் அத்தனை வேகமானவர், இதில் இத்தனை மந்தம்!

அதற்குள் அவள் விரல்கள் அந்தச் சொல்லின் முடிவைப் பிரித்து, வேறு எழுத்துகளை வைத்துவிட்டன. அவள் எழுத்துக் கோத்திருந்த ஸ்டிக்கை அவர் வாங்கி, தலைகீழாக இருந்ததை உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தார்.

‘நேசிக்கிறோம்.’

“இது உங்க கையெழுத்துப் படியில இல்லை,” என்றாள் அபொலேனா. “சேர்க்கலாமா?”

“சேருங்க,” என்று சிரித்தார். இந்தத் தடவை அது நல்ல சிரிப்பு.