இரவல் சப்பாத்து

“மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரேல்லை. அப்ப ஆரின்ர சப்பாத்து இது?”

“கத்தாதையும். கீழ்வீட்டுக்குக் கேக்கும்.”

கீழ்வீட்டுக்கு மட்டுமா? 2004 மாசி மாதத்து அந்த ஞாயிறு மத்தியானம் செயின்ட்-மிஷேலில் இந்திராதேவியின் குரல் கேட்காத வீடில்லை. வாசலில், பனிச் சப்பாத்துகள் வைக்கும் ரப்பர் தட்டில், முழங்கால்வரை உயர்ந்த ஒரு சோடி நின்றது. வெளியே ஊரெல்லாம் வெள்ளைப் பனி. அந்தச் சோடியிலோ கறுப்புச் சேறு. அழுகிய இலை வாடை.

அவள் புருசன் அருளம்பலம் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கப் பனிக்குவியலில் எறிந்துவிட்டு வந்தார். கதவை இரண்டு பூட்டும் போட்டுப் பூட்டினார். குளிராம்.

விருந்துக்கு வந்த சிவராசா பழைய கூட்டாளி. எண்பதுகளில், இந்த நாட்டுக்கு வருமுன், இருவரும் வட ஜெர்மனியில் ஒரே அகதி விடுதியில் கிடந்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் மகள் கஜந்திக்கு அவர் மகன் ஆரூரனைப் பேசினார்கள்.

சோறு போட்டதும் அருளம்பலம் வழக்கம்போல வாத்தியாரானார். அந்த விடுதி இருந்த மாவட்டம் முழுதும் ஒருகாலம் சதுப்பாம். ஏழைக் குடியானவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கரிமண்ணை அடுப்பெரிக்க விற்று, ஊர் ஊராக எழுப்பினார்களாம். அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது; பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எந்தக் கொண்டாட்டத்திலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். சனமும் நிம்மதியாகக் கைகழுவும்.

அன்று சிவராசா விடவில்லை.

“எங்களோட விடுதியில இருந்த அல்பேட் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போயிட்டான் எண்டீர். தமக்கை இண்டைக்கும் மட்டக்களப்பில பாத்துக்கொண்டிருக்கிறா.”

“போனவன்தான். சதுப்புக்குள்ளால நான்தானே கூட்டிக்கொண்டு போய் விட்டனான்.”

வாசலில் ‘சளக்’ என்றது.

பிறகு இன்னொரு ‘சளக்’.

இந்திராதேவிதான் முதலில் எழுந்து போனாள். எறிந்த சோடி தட்டில் நின்றது. முனைகள் வீட்டுக்குள் பார்த்தபடி. சுற்றிவரக் கறுப்புத் தண்ணீர்.

பின்னால் வந்த சிவராசா குனிந்தார். இடதுகாலில் செப்புக் கம்பியால் தைத்த ஒரு கிழிசல்.

“இது என்ர தையல்,” என்றார் மெல்ல. “அண்டைக்கு அல்பேட்டுக்கு இரவல் குடுத்த சப்பாத்து.”

எல்லோரும் அருளம்பலத்தைப் பார்த்தார்கள்.

“இடுப்பு மட்டும் சேத்துக்குள்ள புதைஞ்சிட்டான்,” குரல் காற்றாக வந்தது. “கூப்பிட்டவன். நான் ஆக்களைக் கூட்டியந்தா, நானும் எல்லை தாண்டினது தெரிஞ்சுபோம்...”

அடுப்பில் பாயசம் அடிப்பிடித்தது. அல்பேட்டின் தமக்கை தொலைபேசியில் அழும்போதெல்லாம், “தம்பி பிரான்சில நல்லா இருப்பார் அக்கா,” என்று ஆறுதல் சொன்னது இந்திராதேவியின் வாய்தான். அந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சிவராசா குடும்பம் வெளிக்கிடும்போதும் அவள் நிமிரவில்லை.

ஆரூரன் அடுத்த வருடமே பக்கத்து ஊர் லவாலில் வேறு பெண்ணெடுத்தான். இந்திராதேவி செயின்ட்-லோரன்டில் தமையன் வீட்டோடு. அருளம்பலம் மட்டும் அதே வீட்டில்; தெருமுனை தாண்டிப் போவதேயில்லை.

கஜந்தி ரொறன்ரோவில் தான் விரும்பியவனைக் கட்டினாள். அவள் வீட்டுக்குப் போனால் சப்பாத்தோடு உள்ளே வரச்சொல்லுவாள், வாசலில் கழற்றவே விடமாட்டாள். வெள்ளைக்காரி ஆகிவிட்டாள் என்று போய்வந்த சனம் சிரிக்கிறது. சப்பாத்துத் தட்டுக்கூட வைக்கவில்லையாம். ஆனாலும் ஆடி மாத வெயிலிலும் வாசல் பலகை ஈரமாம்.

துடைத்தால் துணி கறுக்குமாம்.