பனிக்கரைக்கு ஆறு நிமிடம்

"பனிக்கரைக்கு எவ்வளவு நேரமாகும்மா?" என்று கேட்டவர் எழுபது வயதுக் கருவாட்டு வியாபாரி. தென்துருவ ஓரத்தில் கிடக்கும் அந்த வானிலை நிலையத்துக்கு மணப்பாட்டிலிருந்து இதுவரை யாரும் நேரம் விசாரித்ததில்லை. ஆனால் மடிப்பான் நிலைய விசாரணை இருக்கையிலிருந்த அமலிக்கு அது மனப்பாடம்: முப்பத்தொரு மணி நேரம். நான்கு வருடமாக அவள் கணவன் மிக்கேலுக்கு அங்கேதான் வேலை.

இருந்தாலும் விதிப்படி அவர் கண்ணைத் தூரப்பலகைக்குக் காட்டச் சொன்னாள். பலகை ஆறு நிமிடம் என்றது. அவள் கண்ணுக்கு அது எப்போதும் காட்டியது முப்பத்தொரு மணி நேரம்; தனக்கும் அதேதான் என்று மிக்கேல் சொல்லியிருந்தான்.

மடிப்பான் வந்தபின் தூரத்துக்கு மரியாதை போய்விட்டது. விரிப்பை மடிப்பதுபோல் பூமியை மடித்து அது இரண்டு ஊர்களை ஒட்டவைத்துவிடும். உடம்பு தாங்குகிற அளவுக்குத்தான் மடிக்கலாம், அதனால் ஆளுக்கு ஆள் நேரம் மாறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அமலியும் அதையே ஐந்து வருடமாக எல்லோரிடமும் ஒப்பித்துவந்தாள். இருதயத்தில் இரண்டு அடைப்புள்ள கிழவருக்கு ஆறு நிமிடம், கல்லுப்போன்ற மிக்கேலுக்கு முப்பத்தொரு மணி நேரமா?

மாடியில் மனுப் பிரிவில் இருந்த தோழி பிலோமியிடம் போய்க் கேட்டாள். பிலோமி நிமிரவில்லை.

"விலகல் மனுன்னு ஒண்ணு இருக்குக்கா. ஒருத்தர் பேரை எழுதிக்குடுத்தா அவங்களுக்கு நாம தூரமாயிருவோம். பலகையும் அப்படித்தான் காட்டும், கிளம்பினாலும் சுத்தவிட்டுத்தான் கொண்டுபோகும். எழுதிக்குடுத்தவங்களுக்கு எப்பவும்போல ஆறு நிமிஷம்தான். குடுத்தா ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

"அவரு எப்போ குடுத்தாரு?"

"அங்க வேலைக்குப் போன முதல் வாரமே. வருஷா வருஷம் புதுப்பிக்காரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்கக்கா."

வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவான். வந்ததும் கால் வீங்கிவிட்டதென்று கட்டிலில் நீட்டுவான். இவள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். ஆறு நிமிடம் உட்கார்ந்து வந்த கால். அதை நினைத்தபோதுதான் அமலிக்கு அழுகை வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் ரோசலினுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். லீவு ரெண்டு நாள்தான், போக்குவரத்துக்கே பத்தாது என்று மிக்கேல் கை விரித்திருந்தான். எப்படியும் வரப்போவதில்லை. அமலி ஒரு விலகல் மனுத்தாளை எடுத்து அவன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிலோமி அதை வாங்கி முத்திரை குத்தினாள்.

ஞாயிறு காலை, கோவில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது மிக்கேலே போனில் கூப்பிட்டான்.

"அமலி, இங்க மடிப்பான் வாசல்ல நிக்கேன். பிள்ளைக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தேன். பலகை முப்பத்தொரு மணி நேரம்ங்குது. எப்பவும் ஆறு நிமிஷம்தானே..."

அதோடு நிறுத்திக்கொண்டான்.

"உடம்பு தாங்காதுங்க," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வெள்ளை உடுப்பில் நின்ற ரோசலின் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்பாவாம்மா? வாராங்களா?"

"ரொம்பத் தூரத்துல இருக்காங்கடி," என்றாள் அமலி. நான்கு வருடமாகச் சொல்லிவந்த பதில்தான். இன்றைக்குத்தான் அது உண்மையாகியிருந்தது. ஆக்கியவள் அவள்.