சாத்தாமல் கொடுத்த நம்பர்

கிணத்துக்கடவைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்குள் கார் திரும்பியபோதே ஏசுவடியான் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏசி ஜாஸ்தியா இருக்குதுங்களா ஐயா?" என்றாள் பிரீத்திகா.

"வயசாச்சு அம்மணி. எறும்பு தும்முனாக்கூட நடுக்கம் வருது."

அவள் சிரித்தாள். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் இழுத்து மூடப்பட்ட செங்காட்டுப்பாளையம் கிளை ரயில் பாதையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாள். ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. கடைசி நாள், கடைசி ரயில், அதில் அடிபட்டுச் செத்த நஞ்சம்மாள். அன்றைக்குக் கேட்மேனாக இருந்த ஏசுவடியானைப் போத்தனூரில் தேடிப்பிடித்து, மாட்டேன் என்றவரை விடாமல் கூட்டி வந்திருந்தாள்.

தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டும் இல்லை. சீமைக்கருவேலம் மூடிய ஜல்லி மேடும், கதவில்லாத கேட்மேன் அறையும்தான் மிச்சம். உள்ளே வௌவால் நெடி. சுவரில், கைப்பிடி சுற்றும் பழைய டெலிபோன். அதன் வயர் அறுந்து, அரையடி நீளத்துக்கு எலிவாலாகத் தொங்கியது.

மணி மதியம் மூன்றரை. வெயில் கொளுத்தியது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

பிரீத்திகா செல்போனில் பதிவைத் தொடங்கினாள். ஏசுவடியான் தொண்டையைச் செருமினார்.

"வண்டி கிளம்பறதுக்கு முந்தி ஸ்டேஷன்ல இருந்து போன் வருமுங்க. நான் கேட்டைச் சாத்திப்போட்டு, நோட்டுல இருக்கற ரகசிய நம்பரைச் சொல்லோணும். நம்பர் சொன்னாத்தான் வண்டியை விடுவாங்க."

"அப்புறம் அந்த நஞ்சம்மாள் எப்படிங்க…?"

"கேட் சாத்தித்தான் இருந்துச்சு. அந்தம்மா குனிஞ்சு உள்ள பூந்து, தண்டவாளத்துல போயி நின்னுருச்சு. ஊட்டுக்காரரோட என்ன சண்டையோ."

விசாரணையில் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அப்ப தற்கொலைன்னே போட்டறலாமுங்களா? அச்சுக்குப் போயிட்டா மாத்த முடியாதுங்க."

தலையாட்டப் போனார்.

டெலிபோன் மணி அடித்தது.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"வயரே இல்லீங்களே" என்று கிசுகிசுத்தாள் பிரீத்திகா.

மணி நிற்கவில்லை. மூளை வேண்டாம் என்றது. வருடக்கணக்காகப் பழகிய கை ரிசீவரை எடுத்துவிட்டது.

"ஏனுங்க கேட்டுக்காரரே…" பெண் குரல். அவசரமில்லாத, மரியாதையான குரல். "கேட் சாத்தியாச்சுங்களா?"

அறைக்குள் பச்சைச் சோளத்தட்டின் வாசனை குப்பென்று நிறைந்தது.

காலுக்கடியில் தரை அதிர ஆரம்பித்தது. லேசாக. பிறகு பலமாக.

அந்தக் காலத்தில் மூன்று நாற்பது வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. போன் வந்தவுடனே, முக்கால் மணி நேரம் முன்பே கேட்டைச் சாத்தினால் லாரிக்காரனிலிருந்து சைக்கிள்காரன்வரை அவருடைய ஏழு தலைமுறையையும் இழுப்பான். அதனால் ஏசுவடியான் சாத்தாமலே நம்பரைக் கொடுத்துவிடுவார். தூரத்தில் வண்டி ஊதிய பிறகு எழுந்து போய்ச் சாத்துவார். பதினோரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. கடைசி நாளாயிற்றே என்று, மாலை போட்ட எஞ்சினை டிரைவர் அன்றைக்கு நிமிடம் தவறாமல் ஓட்டி வந்துவிட்டார்.

ஊதல் கேட்டபோது ஏசுவடியான் மிக்சர் தின்றுகொண்டிருந்தார். எழுவதற்குள் முடிந்துவிட்டது. தலையில் மாட்டுக்கு அறுத்த சோளத்தட்டுக் கட்டோடு, திறந்திருந்த கேட்டை நம்பித்தான் நஞ்சம்மாள் நடந்து வந்தாள்.

ஓடிப்போய் அவர் முதலில் செய்த காரியம் அவளைத் தூக்கியதல்ல. கேட்டைச் சாத்தியது.

பழி அவள் புருஷன் பாலுசாமி மேல் விழுந்தது. போலீஸ் மூன்று நாள் உட்கார வைத்தது. மச்சினன்மார் நடுத்தெருவில் முகத்தில் துப்பினார்கள். எல்லாம் ஏசுவடியானுக்குத் தெரியும்.

"சாத்தியாச்சுங்களா?"

இந்த முறை குரல் ரிசீவரில் வரவில்லை. அவர் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பத் தைரியமில்லை. வாய் மட்டும் திறந்தது. "இல்லீங்க. தொறந்துதான் இருந்துச்சு. நான் சாத்தலீங்க."

அதிர்வு நின்றது.

"அவருகிட்டச் சொல்லுங்க."

பிரீத்திகாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "உனக்கும் கேட்டுதா கண்ணு?" என்றார். தலையாட்டினாள். ஏசுவடியான் தோப்புப் பக்கம் நடக்க, அவளும் பின்னால் வந்தாள்.

இரண்டு தோப்பு தள்ளி பாலுசாமியின் வீடு. எழுபதைத் தாண்டிய மனிதர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி மூன்று காலி நாற்காலிகள்.

"வாங்க கேட்டுக்காரரே" என்றார், இவர்கள் யாரென்று சொல்லும் முன்பே.

பிரீத்திகா சுவரோரத்து நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல வேண்டாம் அம்மணி. ஆள் இருக்குது."

அவள் மெல்ல நகர்ந்து அடுத்ததில் உட்கார்ந்தாள்.

"தினமும் வருவா. உக்காந்துட்டுப் போயிருவா. ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. இன்னிக்குக் காலையிலதான் வாயைத் தொறந்து, ரெண்டு பேரு வாராங்க, உக்கார இடம் போடுங்கன்னு சொன்னா." பாலுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன சேதிங்க?"

ஏசுவடியான் சொன்னார். நம்பர், மிக்சர், சாத்திய கேட், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, அடி விழும் என்று காத்திருந்தார். விழுந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாலுசாமி துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு மொதநாள் ரசத்துல உப்பில்லைன்னு வைஞ்சுபோட்டேனுங்க. அதுக்குத்தான் போயிட்டான்னு இத்தனை வருசமா நானே நம்பிட்டேன்."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"காதுல உளுந்துதா?"

சிமெண்ட் தரையை உரசிக்கொண்டு காலி நாற்காலி மெதுவாக முன்னால் நகர்ந்தது.

பாலுசாமியைத் தாண்டி வந்து, இனி இங்கேதான் என்பதுபோல ஏசுவடியானின் முழங்காலைத் தொட்டு நின்றது.