அரை நட்சத்திரம் குறைவு

"படம் எப்படி?" என்று வாயால் கேட்பவனை மதுரையில் இப்போதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வாய் சொல்வதை யார் நம்புவது? காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தவனும், காசு கிடைக்காத கடுப்பில் கிழித்தவனுமாகச் சேர்ந்து விமர்சனம் என்ற சொல்லையே நாறடித்துவிட்டுப் போன பிறகு வந்ததுதான் மெய்ப்பட்டை. பிடரியில் ஒட்டிக்கொள்கிற, விரல் அகலப் பட்டை. படம் பார்க்கிறவனுக்கு எங்கே நெஞ்சு படபடத்தது, எங்கே மயிர்க்கால் குத்திட்டது, எங்கே தொண்டை அடைத்தது என்று அவன் உடம்பு பட்ட பாட்டை அப்படியே எடுத்து அடுத்தவன் உடம்பில் ஏற்றிவிடும். அதற்குச் சிலிர்ப்பு என்று பெயர். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லுமா?

செல்லூரில் ஒரு புரோட்டாக் கடை மாடியில் ஞாயிறு தவறாமல் கூடுகிற நாலு பேருடைய சிலிர்ப்புக்கு ஊரில் தனி மவுசு. பேய்ப்படத்துக்கு அல்போன்ஸ். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிறவன்; ஆள் ஆறடி, பல்லியைக் கண்டால் கட்டில் ஏறுவான். அந்தப் பயம்தான் அவன் சொத்து. அடிதடிக்குக் கனிஷ்கா. ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். குடும்பப் படத்துக்குச் சிக்கந்தர் பாய். யார் வீட்டுக் கல்யாணத்திலும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு முன்னால் அழுதுவிடுகிற மனிதர். நாலாவது ஆள் வைரமணி. அவன் எந்தப் படமும் பார்ப்பதில்லை. மூன்று பேரின் சிலிர்ப்பையும் வாங்கி, நட்சத்திரம் போட்டு, ஊருக்கு அனுப்புவது அவன் வேலை. ஊரும் அதோடு சரி. சிலிர்ப்பே கைக்கு வந்த பிறகு கதையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ஜனங்கள் படம் பார்ப்பதையே குறைத்துவிட்டார்கள்.

மற்ற குழுக்கள் படம் முடிந்த பிறகு அனுப்புவார்கள். இவர்கள் நேரடி. அல்போன்ஸ் கொட்டகையில் உட்கார்ந்திருக்க, அவன் பயம் அந்தக் கணமே மாடியில் இருக்கிறவர்கள் முதுகில் ஏறும். அவர்கள் ரசிப்பதும் சும்மா போகாது. அது அனுப்பியவன் உடம்புக்கே திரும்பிப் போகும். அந்தக் காலத்தில் கொட்டகையில் விசில் அடித்தார்கள் அல்லவா, அதற்குப் பதில் இது. எதிர்ச்சிலிர்ப்பு என்பார்கள்.

"ஏ மணி, பேய் என் கழுத்தக் கடிக்கும்போது நீங்கல்லாம் குஷியாகுறது எனக்குக் குறுகுறுன்னு வருதுடா. பயப்படவா சிரிக்கவான்னே தெரியல" என்பான் அல்போன்ஸ்.

குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சிலிர்ப்பு ஓடும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. போன் எல்லாம் காலி சால்னா வாளிக்குள் போய்விட வேண்டும். ஒருமுறை கனிஷ்கா ஆர்வக்கோளாறில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அல்போன்ஸைப் போனில் கூப்பிட்டு, "என்னண்ணே, பேய் வந்துருச்சா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கப் போய், குழுவின் மானம் கப்பலேறியது. அன்றைக்கு வைரமணி போட்ட சட்டம் அது. தான் போட்ட சட்டத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஞாயிறு மதியத்திலிருந்தே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. புதுப் பேய்ப்படம். ஊரே அல்போன்ஸின் சிலிர்ப்புக்குக் காத்திருந்தது. போன்களை வாளியில் போட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்ததுதான் தாமதம், பிடரியில் பட்டை சுருக்கென்றது.

கனிஷ்கா நிமிர்ந்தாள். "மணிண்ணே, படம் போட இன்னும் நேரம் இருக்குல்ல? அதுக்குள்ள எப்டி..."

வைரமணி உதட்டில் விரலை வைத்து அவளை முறைத்தான். அல்போன்ஸ் ஒரு அவசரக் குடுக்கை, முன்னோட்டத்துக்கே ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் பாதத்தில் சில்லென்றது. அந்தக் குளிர் கணுக்கால், முழங்கால் என்று நிதானமாக ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. தோளும் முழங்கையும் எதையோ மோதி மோதி வலித்தன. இப்படி ஒரு பயத்தை அல்போன்ஸ் இதுவரை அனுப்பியதே இல்லை. சிக்கந்தர் பாய் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கனிஷ்காவின் கைமயிர் நட்டுக்கொண்டது. வைரமணிக்கோ கண்ணில் நீர் வருமளவுக்கு ஆனந்தம். பயலுக்கு இன்றைக்கு ஊரே கோயில் கட்டும் என்று நினைத்தான்.

குளிர் இடுப்பைத் தாண்டிய போது வலது தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளல். உடனே இன்னொன்று, இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே மூன்று.

வைரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அல்போன்ஸ் அவன் தொடையில் மூன்று முறை கிள்ளுவான். 'எந்திரி, வா, போவோம்' என்று அர்த்தம். இரண்டு பேரும் பின்வாசல் வழியாக ஓடிப்போய்ப் படம் பார்ப்பார்கள். இத்தனை பயத்துக்கு நடுவிலும் சேட்டையைப் பார் என்று வைரமணியின் உடம்பெல்லாம் பூரித்தது. அந்தப் பூரிப்பு, வழக்கம்போல, அனுப்பியவனுக்கே போயிற்று.

கிள்ளல் நிற்கவில்லை. குளிர் கழுத்துக்கு வந்தது. மூச்சு முட்டியது. பிறகு சட்டென்று, யாரோ பொத்தானை அமுக்கியது போல, பயம் விட்டுப்போனது. உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு, பள்ளிக்கூடத்துப் பின்வாசலைத் தாண்டி ஓடும்போது வருகிற ஒரு சந்தோஷம். அப்புறம் ஒன்றுமில்லை.

"முடிஞ்சிருச்சு போல" என்று பட்டையைத் தடவிக்கொண்டே எழுந்தார் சிக்கந்தர் பாய். "யா அல்லா, என்னா படம்! அந்தக் கிள்ளு கிள்ளுன்னு மூணு வாட்டி வந்துச்சு பாருங்க, அதுக்குப் பேருதான்யா எடிட்டிங். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"பேய்ப்படத்துல இம்புட்டு ஃபைட்டாண்ணே?" என்றாள் கனிஷ்கா, தோளை உருட்டியபடி. "கை காலெல்லாம் வலிக்குது. கதவ ஒடைக்கிற மாதிரியே இருந்துச்சு. நான் பாத்த ஆக்‌ஷன் படமெல்லாம் பிச்சை வாங்கணும்."

வைரமணி மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "எல்லாஞ் சரி. க்ளைமாக்ஸ்ல கோட்டை விட்டாய்ங்க. பயத்த உச்சாணிக் கொம்புல ஏத்திட்டு, கடைசியில என்ன சந்தோசம் வேண்டிக் கெடக்கு? ஒட்டவே இல்ல. நாலரை."

"நாலரையா? அநியாயம்ணே!"

"அரை கொறைச்சாத்தான் அடுத்தவன் நம்புவான்." நாலரை நட்சத்திரத்தோடு சிலிர்ப்பு ஊருக்குப் போயிற்று. கீழே புரோட்டா தட்டுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி அனுபவித்தான்.

வாளியிலிருந்து போனை எடுத்த பிறகுதான் விஷயம் வந்தது. கொட்டகைக்குப் போகிற வழியில், ரயில்வே சுரங்கப்பாதைக்குள் ஐஸ்கிரீம் வண்டி இறங்கியிருக்கிறது. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. வண்டிக் கதவு திறக்கவில்லை. போன் முதலிலேயே தண்ணீரில் போய்விட்டது. கழுத்தில் பட்டை மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. அந்தப் பட்டையில் பேச முடியாது. உடம்பை மட்டும்தான் அனுப்ப முடியும். அந்த நேரத்தில் மூன்று பேர் தனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். கடை மாடியிலிருந்து அந்தச் சுரங்கப்பாதை கூப்பிடு தூரம்.

அல்போன்ஸின் உடலைக் குளிப்பாட்டும்போது வைரமணிதான் தண்ணீர் ஊற்றினான். வலது தொடையில் நகம் பதிந்த காயங்கள், மூன்று மூன்றாக. முகத்தில் சிரிப்பு. "என்னா ஒரு சாந்தம் பாருங்க" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வைரமணி தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

அனுப்பியதை அவன் திரும்பப் பெறத்தான் பார்த்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிலிர்ப்பு கைக்குக் கை பரவிவிட்டது. சிலர் அந்தப் படத்தைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு, அல்போன்ஸின் பயத்துக்கு அது கால் தூசு பெறாது என்று சண்டைக்கு வந்தார்கள். நடந்தது தெரிந்த பிறகாவது விடுவார்கள் என்று பார்த்தால், தெரிந்த பிறகுதான் கிராக்கி கூடியது. கனிஷ்கா மாடிக்கு வருவதை நிறுத்தினாள். "நான் கேட்டேன்லண்ணே, அப்ப நீங்க மொறச்சீங்கள்ல" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். சிக்கந்தர் பாய்க்கு அழுகை வற்றிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மதியம் அல்போன்ஸின் மனைவி ரோஸ்லின் வைரமணியை வீட்டுக்கு வரச்சொன்னாள். வந்திருந்த சனம் சாப்பிட்டுக் கலைந்திருந்தது. மடித்த நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, சிரிச்ச மொகமாப் போனாரு. எதைப் பாத்துச் சிரிச்சாருன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. மாதாவப் பாத்திருப்பாருன்னு ஃபாதர் சொல்றாரு. ஒன்னயத்தான்டி நெனச்சிருப்பாருன்னு எங்கம்மா சொல்லுது. ஒங்ககிட்ட இருக்குல்ல? பயந்ததெல்லாம் எனக்கு வேணாம். அந்தக் கடைசி மட்டும் குடுங்கண்ணே."

"வேணாம் தாயி. அதப் போயி..."

"ஊருல நாலணாப் பெறாதவன்லாம் போட்டுப் பாக்குறான். கட்டுன பொண்டாட்டி நான் பாக்கக்கூடாதா?"

வைரமணிக்குத் தெரியும். அந்தக் கடைசித் துண்டை அவன் தனியாக ஒருமுறை ஏற்றிப் பார்த்திருந்தான். தன் தும்மலைத் தனக்கு அடையாளம் தெரியாதா? அந்தக் குறுகுறுப்பும், பின்வாசலைத் தாண்டி ஓடுகிற அந்தச் சந்தோஷமும் வைரமணியுடையவை. மாடியில் உட்கார்ந்து அவன் பூரித்த பூரிப்புத்தான் எதிர்ச்சிலிர்ப்பாகப் போய், மூழ்கிக்கொண்டிருந்தவன் உடம்பில் ஏறி, அவன் உதட்டை இழுத்துச் சிரிக்க வைத்திருக்கிறது. ஒட்டவில்லை என்று அரை நட்சத்திரம் குறைத்தானே, அது அவனே அனுப்பியதுதான். 'வா' என்று கிள்ளியவனுக்கு அவன் சொன்ன பதில் அது.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். ரோஸ்லின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நாளில் பாதியாக இளைத்திருந்தாள். இதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தான். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடைசித் துண்டை மட்டும் பிரித்து அவள் பட்டைக்கு அனுப்பினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு அசைந்தது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. அவள் சிரித்தாள், அல்போன்ஸ் சவப்பெட்டிக்குள் சிரித்த அதே சிரிப்பு.

"என்னயத்தாண்ணே நெனச்சிருக்காரு" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் எங்கப்பாவுக்குத் தெரியாம ஓடிப்போயிப் படம் பாப்போம்ல, அப்ப இப்டித்தான் இருக்கும். அதேதாண்ணே. எனக்குப் போதும்ணே, இது போதும்."

அந்த நேரம் வைரமணியின் பிடரி சுருக்கென்றது.

அவன் இதை மறந்துவிட்டிருந்தான். ஊருக்கு மொத்தமாக அனுப்பியதற்கு எதிர்ச்சிலிர்ப்பு வராது; ஒருத்தர் பட்டைக்கு நேராக அனுப்பினால் வரும், இதை அனுப்பியவன் அவன்தான். ரோஸ்லினின் உடம்பில் ஊறியதெல்லாம் இப்போது அவன் முதுகுத்தண்டில் இறங்கியது. முப்பது நாள் வறண்டு கிடந்த ஒருத்திக்குள் தண்ணீர் பாய்கிற நிம்மதி. புருஷன் மேல் அவள் வைத்திருந்த அத்தனை ஆசை. இப்படி ஒன்றை எந்தக் குடும்பப் படமும் அவனுக்குத் தந்ததில்லை. பட்டையைப் பிய்த்து எறிய வேண்டும் என்று கை கழுத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

அது ஓடி முடிகிற வரைக்கும், சட்டப்படி, அவன் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் பட்டை வழக்கம்போலப் பிடரியில் மெல்லத் தட்டி, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. குறைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று அவன் உடம்பு சொல்லிற்று. உடம்பு பொய் சொல்லாது.