நடுவில் ஒன்றும் இருக்காது

இப்போதெல்லாம் விற்கிறவன் எவனும் வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே விலை சொல்கிறான், போனைப் பார்த்துக்கொண்டே பொய்யும் சொல்கிறான். 'டாக்டர் வீட்டுச் சாமான், ஒரே கை' என்பான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் புகை வரும். திரும்பிப் போய்க் கேட்டால் 'நேத்து வரைக்கும் பாடிச்சே' என்று நம்மையே குற்றவாளி ஆக்கிவிடுவான். ஆயுசில் பாதியை லாரிக்கு அடியில் படுத்துக் கழித்த ஸ்பேனருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஸ்பேனர் என்பது பட்டறையில் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் கிடையாது. பழைய சாமான் வாங்கப் போனால் எதிரே நிற்பவன் திருடன் என்று வைத்துக்கொண்டுதான் அவர் பேசவே ஆரம்பிப்பார்.

அதனால்தான் அன்று சாயங்காலம் பழைய பாட்டு செட்டை விலை பேசியபோது கடைக்காரன் உடனே தலையாட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ சொன்னதுல பாதிதான் தருவேன்" என்றார்.

"சரிங்கய்யா, எடுத்துக்கோங்க."

"பாதின்னு சொன்னேன்யா."

"கேட்டுச்சுங்க."

"பாடுமா?"

"நல்லாப் பாடும்."

"அப்புறம் என்னத்துக்குப் பாதிக்குத் தர்ற? உனக்கென்ன, நான் மாமனா மச்சானா?"

கடைக்காரன் கேசட் டெக்கின் முகத்தைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "எடத்த அடைக்குது" என்றான்.

டெக் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மரத்தில் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. ஸ்பேனர் மோந்து பார்த்தார். கருகிய வாடை இல்லை. பெட்டியை உலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் கழன்று உருளவில்லை. கடைக் கேசட் ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டார். பாடியது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே ஒரு குறையாகப் பட்டது.

"ஸ்பீக்கர் வயர் மட்டும் தனிக் காசு" என்றான் கடைக்காரன்.

"பாத்தியா, இப்ப வந்துச்சு பாரு உன் வேலை. வயரெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"சிவப்பு, கறுப்பு பாத்து மாட்டுங்கய்யா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும். மாத்திடாதீங்க."

"லாரிக்கே வயரிங் பண்ணினவன்யா நான். போ."

அவரிடம் வயர் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் இருந்த அழைப்பு மணியைக் கழற்றி, சுவரோடு ஓடிய வயரை ஆணி ஆணியாகப் பிடுங்கி எடுத்தார். மணியை அடிக்க யார் வரப் போகிறார்கள்? மாடித் தையல்காரி வந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். அது இரண்டு இழை முறுக்கிய பழைய வயர். ஒரு காலத்தில் இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்திருக்கலாம். இப்போது இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள். மணிக்கு எந்த இழை எதில் போனாலும் ஒன்றுதான். இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று கண்மதிப்பில் முறுக்கிவிட்டார்.

அவசரம் அவருக்கு. அவர் மனைவி முந்தாநாளிலிருந்து வாய் திறக்கவில்லை.

அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை, பிறகு அவரை. "யாருங்க நீங்க, வண்டி பாக்க வந்தீங்களா?" என்பாள். கடைசியில் சாப்பிடுவதையும் மறந்தாள். கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அதற்கு ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. அது மகனின் கேசட். எட்டு வயதில் காய்ச்சலில் போன மகன் அதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்குச் சோறூட்டி விளையாடியதை, இரவல் வாங்கிய ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில் ஸ்பேனர் பதிந்து வைத்திருந்தார். 'அம்மா, ஆ காட்டு' என்று அவன் சொன்னால், எத்தனையோ வருஷத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவள் ஆ காட்டுவாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டியை உள்ளே விட்டுவிட வேண்டும். இப்படியே மாதக்கணக்காக ஓடியது. வீட்டிலிருந்த பழைய டேப் முந்தாநாள் செத்தபோது கேசட்டின் நாடாவையும் கொஞ்சம் மென்றுவிட்டுத்தான் செத்தது. சாப்பிடவில்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்றார் டாக்டர். அவளைக் கட்டிலோடு கட்டிப்போடுவார்கள் என்பதை டாக்டர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து ஸ்பேனரே தெரிந்துகொண்டார்.

பெட்டிகளைச் சுவரோரம் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக வைத்து, அவளை நாற்காலியோடு எதிரே நகர்த்தினார். பாலில் ஊறிய ரொட்டியைப் பிசைந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்.

நாடா ஓடும் இரைச்சல் கேட்டது. அப்புறம் மகன் வந்தான். ஆனால் சரியாக வரவில்லை. பக்கத்து அறையில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல் போலச் சப்பென்று இருந்தது. குரல் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. காதுக்குள் ஏதோ உறிஞ்சுவது போல ஒரு வெறுமை. பாதிக்குக் கொடுத்தானே, இதுக்குத்தான் கொடுத்தான் பாவி, என்று எழப்போனார்.

அவள் தலையைத் திருப்பினாள். எந்தப் பெட்டியையும் பார்க்கவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவரைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியானது. ஸ்பேனர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் எப்படி இருந்தால் என்ன, உள்ளே போனால் சரி.

மறுநாளும் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் தையல்காரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பரவாயில்லையேண்ணே, கல்யாண வீடு மாதிரி செட்டு போட்டுட்டீங்க. அண்ணி சாப்பிடுதா?" என்றவள் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். "புள்ள குரலு தேயுது. ஆனா உங்க குரலு நல்லாக் கேக்குது."

"என் குரலா?"

"புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறீங்களே. நீங்க சொல்றீங்க, பின்னாலயே அவன் சொல்றான். இப்பதான் எப்பப் பாத்தாலும் சிடுசிடுன்னு இருக்கீங்க, அப்ப நல்லாத்தான் கொஞ்சியிருக்கீங்க."

"நான் மைக்கைப் பிடிச்சிட்டு நின்னேன். வாயே தொறக்கல."

"அப்ப அது யாரு?"

"உனக்குத் தையல் மிஷின் சத்தத்துல காது போச்சு. போய் வேலையப் பாரு."

அவள் போன பிறகு கேசட்டைத் திருப்பி ஓட விட்டார். குனிந்து, கண்ணை மூடி, இன்ஜின் உறுமலுக்குள் ஒரு பேரிங்கின் முனகலைத் தேடும் அதே கவனத்தோடு, நாடாவின் இரைச்சலைத் தாண்டி, கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தத்தைத் தாண்டி, மகனின் தேய்ந்த குரலையும் தாண்டிக் காதை உள்ளே இறக்கினார்.

இருந்தது. மூச்சோடு ஒட்டிய ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, வயசு சொல்ல முடியாத குரல். 'ஆ காட்டு' என்றது. உடனே மகன், 'ஆ காட்டு' என்றான். 'இன்னொரு வாய்' என்றது. மகன், 'இன்னொரு வாய்.' எப்போதும் அது முன்னால். அவன் பின்னால்.

கேசட் பதிந்த அன்று அந்த அறையில் அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

ஸ்பேனர் கடைக்காரனுக்குப் போன் போட்டார்.

"என்னய்யா வித்திருக்க? கொரலு ஒழுங்கா வரல."

"வயரை ஒரு பக்கம் மாத்திக் குடுத்திருப்பீங்க. என்ன கேசட்டு?"

"ஒத்த ஸ்பீக்கர் டேப்புல நான் பதிஞ்சது."

"அப்ப ரெண்டு பெட்டியிலயும் ஒரே சத்தம்தான் வரும். நேரா மாட்டினா குரல் நடுவுல வந்து நிக்கும். மாத்தி மாட்டினா ஒண்ணை ஒண்ணு அழிச்சிக்கும். நடுவுல ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இருக்காதா?"

"இருக்கக் கூடாதுங்கய்யா."

அவன் குரலைத் தணித்து, "நேரா மாட்டிடுங்க. இப்பவே மாட்டிடுங்க" என்றான். லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருந்தான்.

ஸ்பேனர் ஒரு பெட்டியின் இழைகளை இடம் மாற்றி முறுக்கினார். பொத்தானை அழுத்தினார். மகன் வந்தான். அப்படியே, முழுசாக, முன்பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகும் அந்தப் பேச்சோடு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றான். கை நீட்டினால் தலைமுடி தட்டுப்படும் போலிருந்தது. வேறு குரல் எதுவும் இல்லை. ஸ்பேனர் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, நம்ம புள்ளடி. அவனே சொல்றான் பாரு. ஆ காட்டு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் தண்ணீரும் இறங்கவில்லை. உதடு வெடித்தது. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது. மகன் நடுவில் நின்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். அவள் அவனை யாரோ ஊரான் பிள்ளை போலப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பேனர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மூக்குக் குழாய் கண்ணுக்கு முன்னால் ஆடியது. கட்டிலோடு கட்டிய கைகள் ஆடின.

இருட்டத் தொடங்கியபோது அவர் எழுந்து போய் வயரை மறுபடி மாற்றிக் கொடுத்தார்.

பொத்தானை அழுத்தியதும் மகன் உள்ளே இழுக்கப்பட்டது போலத் தேய்ந்தான். அந்த உறிஞ்சும் வெறுமை வந்தது. அதோடு ஒரு வாசமும் வந்தது. ஈரத் துணி, கசந்த மருந்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் வாய்நாற்றம். இந்த வீட்டில் அந்த வாசம் அடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் கண்ணைத் திறந்தாள். நடுவைப் பார்த்தாள்.

"வந்துட்டியா" என்றாள்.

ஸ்பேனர் பாலை ஊற்றி ரொட்டியைப் பிசைந்தார். 'ஆ காட்டு' என்றது குரல். இப்போது குனிந்து கேட்க வேண்டியதில்லை. மகன் பின்னால் சொல்வான் என்று காத்திருந்தார்.

மகன் சொல்லவில்லை.

அவள் வாய் திறந்தது. ஸ்பேனர் கரண்டியை நீட்டுவதற்குள் மூடிக்கொண்டது. தாடை அசைந்தது. மென்றாள். தொண்டை ஏறி இறங்கியது.

கரண்டி அவர் கையில் நிறைந்தே இருந்தது.

'இன்னொரு வாய்.'

திறந்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"என்னடி திங்கற? ஏய். துப்புடி. துப்பு!"

விரலை விட்டுப் பார்த்தார். வாய்க்குள் ஒன்றும் இல்லை. ஆனால் விரல் எதிலோ பட்டது. மெத்தென்று, வெதுவெதுப்பாக. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

டெக்கில் 'டக்' என்று பொத்தான் எகிறியது. கேசட் முடிந்துவிட்டது.

'இன்னொரு வாய்.'

சக்கரம் நின்றிருந்தது. நாடா அசையவில்லை. ஸ்பேனர் பிளக்கைப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு மங்கி அணைந்தது. கரண்ட் போனாலும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும், அவருக்குத் தெரியும். காத்திருந்தார்.

'இன்னொரு வாய்.'

இரண்டு பெட்டியின் வயரையும் பிய்த்தார். மணியிலிருந்து எடுத்த வயர். வாசலிலிருந்து எடுத்த வயர்.

'இன்னொரு வாய்.'

அவள் கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. விழுங்க விழுங்கப் புடைத்தன. கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், இந்த வருஷத்தில் ஒரு நாளும் இப்படி வாய் கொள்ளாமல் சிரித்ததில்லை. வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. இன்னும். உதட்டின் வெடிப்பு கிழிந்து ரத்தம் வந்தது. இன்னும்.

நாற்காலியோடு அவளை இழுத்தார். பட்டறையில் கியர் பாக்ஸைத் தனியாகத் தூக்கிய ஆள். நாற்காலி தரையில் வேர் விட்டது போல நின்றது.

கடைக்காரன். அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வர வேண்டும். அவன் பெட்டி, அவன்தான் நிறுத்த வேண்டும். ஸ்பேனர் வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசற்படி இறங்கித் தெருவில் நடந்தார். மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சார்ஜ் என்று சொல்லிக்கொண்டார். பழைய கண்டென்சர், பெரிய கண்டென்சர், நேரம் பிடிக்கும். பாதிக்குக் கொடுத்த பயல் என்னவோ தில்லுமுல்லு பண்ணி வைத்திருக்கிறான். பேயாவது பிசாசாவது. அவர் நம்பவில்லை.

தெரு முனையில் ஜன்னலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் அவள் முகம் தெரிந்தது. அதில் கண் தெரியவில்லை, மூக்குத் தெரியவில்லை. வாய் மட்டும்தான் தெரிந்தது.

தூரம் போகப் போகச் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. இடது காதிலும் இல்லாமல், வலது காதிலும் இல்லாமல், நேர் நடுவில் கேட்டது.

'அப்பா, ஆ காட்டு.'

சார்ஜ்தான். ஸ்பேனர் இரண்டு கையாலும் தாடையை அழுத்திப் பிடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார்.